அலுங்காத கோடு

கணிதத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து புனேவுக்கு ரயிலேறியபோது எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் அதற்கென்று ஒரு தாள் இருந்தது. நல்ல மார்க். எல்லாம் பரீட்சைக்கு முந்தின நாள் உருப்போட்டுப் பேனாவால் எழுதியவை. பேப்பரில் எழுதின புரோகிராம் ஓடவும் ஓடாது, நிற்கவும் நிற்காது. அதனால் யாரும் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

தாபோடியில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரம், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகிற வரியை மட்டும் விட்டுவிட்டேன். அது ஒன்று, ஒன்று, ஒன்று என்று நிற்காமல் அச்சடித்துக்கொண்டே போனது. லேப்டாப்பின் விசிறி முதலில் முனகியது, பிறகு அலறியது. அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி சுட்டது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. வெடித்துவிடும் என்று நிஜமாகவே நம்பி, மூடியைச் சாத்திவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றேன்.

சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "என்னம்மா, ஏரோப்ளேன் கிளம்புதா?"

"இல்ல சித்தப்பா. ஒண்ணு எண்ணுது."

"ஒண்ணு எண்ணுறதுக்கே இந்தச் சத்தமா? பத்து எண்ணியிருந்தா வீடு பறந்திருக்கும் போலயே."

அன்றைக்குப் பிடித்த ஆசைதான். நான் எழுதிய ஒன்று என் கையை மீறி ஓடியது என்பதில் பயம் பாதி, கிறக்கம் பாதி. அதன்பிறகு விடவில்லை. சித்தி குக்கருக்கு விசில் எண்ணச் சொன்னால்கூட மறந்துபோகும். அடைப்புக்குறி எங்கே விட்டுப்போனது என்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பிழை காட்டி நிற்கிற புரோகிராம் நல்ல பிள்ளை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த வரியில் தப்பு என்று அதுவே சொல்லிவிடும். ஒரு பிழையும் காட்டாமல், தப்பான விடையைச் சமர்த்தாகக் கொடுக்கிறது பார், அதைக் கண்டுதான் நடுங்க வேண்டும் என்றார்கள். எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி, நடுங்கவில்லை.

வேலை கிடைத்தது ஆகுர்டியில் ஒரு சின்ன கம்பெனியில். கீழே மோட்டார் உதிரிபாகக் கடை, மேலே நாங்கள். ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கிடங்குகளிலும் இருக்கும் ஃப்ரீசர்களுக்குள் சென்சார் வைத்து, குளிர் எவ்வளவு என்று இங்கிருந்தபடியே கவனிக்கிற மென்பொருள் எங்களுடையது. குளிர் குறைந்தால் எங்கள் புரோகிராம் அங்கே இருப்பவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். சுவரில் பெரிய டிவி ஒன்று. அதில் கட்டம் கட்டமாக ஃப்ரீசர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண், ஒரு கோடு. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை, ஆபத்து என்றால் சிவப்பு. பயிற்சிக்காலத்தில் என் வேலை, எழுதிவைத்திருக்கிற புரோகிராம்களை வாசித்துப் படிப்பது, மற்ற நேரமெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு சீனியர். மராட்டிக்காரர், பிம்ப்ரியில் வீடு. தெற்கேயிருந்து வந்த யாரைப் பார்த்தாலும் 'அண்ணா' என்று கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம். அவர் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"அண்ணா என்றால் ஆம்பிளை. நான் பொண்ணு" என்று என் உடைந்த ஹிந்தியில் சொன்னேன்.

"தெரியும் அண்ணா."

அதற்கப்புறம் நான் திருத்தவில்லை.

சுவரில் ஒரு கட்டத்தைக் காட்டி அவர் சொன்னது மட்டும் விளையாட்டில்லை. ரஞ்சன்காவ் ரோட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கி அது. "இந்தப் பெட்டிக்குள்ள ஐஸ்கிரீம் இல்ல, கேட்டுக்கோ." பால் அதிகமாகச் சுரக்கிற அம்மாக்கள் கறந்து கொடுக்கிறார்கள். அதைச் சுத்தப்படுத்தி, சின்னச் சின்ன பாட்டிலில் உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்து, அம்மாவிடம் பால் இல்லாத குழந்தைகளுக்கு அதுதான் ஆகாரம். ஒருதரம் உருகிவிட்டால் திரும்ப உறையவைக்கக் கூடாது. வெளியே கிடைக்கிற சரக்கும் இல்லை. "மருந்துன்னா இன்னொரு லோடு வரவழைக்கலாம். இதுக்கு எங்க போறது?" என்றார்.

அன்றிலிருந்து சுவரைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தக் கட்டத்துக்குத்தான் போகும். கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மோட்டார் ஓடும்போது இறங்கும், நின்றால் ஏறும், யாராவது கதவைத் திறந்தால் துள்ளும்.

இன்னொன்றும் சொல்லிவைத்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் வாடிக்கையாளருக்குப் போன் செய்யக் கூடாது. எனக்கு முன்பு இருந்த ஒருவர், ஒன்றுமில்லாததற்கு ஒரு ஆஸ்பத்திரியைப் போனில் கூப்பிட்டுக் கலவரப்படுத்தி, பெரிய டாக்டர் வரைக்கும் போய் மானம் போனதாம். சந்தேகம் வந்தால் சீனியரிடம் சொல், அவர் பேசுவார். உனக்குக் கண் மட்டும்தான், வாய் கிடையாது. மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேலை நிரந்தரமாகாத பெண்ணுக்கு அந்தச் சிரிப்பே போதும்.

அது ஒரு வியாழக்கிழமை. மேனேஜர் மும்பைக்குப் போயிருந்தார். சீனியர் காலையில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஹாலின் அந்தக் கோடியில் விற்பனைக்காரர்கள் போனில் கத்திக்கொண்டிருக்க, சுவருக்கு முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் சித்தி கூப்பிட்டாள்.

"ஏட்டி, வியாழக்கிழமைங்கிறதே மறந்துபோச்சு. கரண்ட் புடுங்கிட்டான். மிக்ஸியில மிளகா அப்படியே கெடக்கு. மத்தியானச் சோத்துக்கு இங்க வந்துறாத, அங்கனயே பாவ் கீவ் வாங்கித் தின்னுக்கோ."

"சரி சித்தி."

"அங்க கரண்ட் இருக்கா?"

"இங்க ஜெனரேட்டர் ஓடுது."

"ஓடும், ஓடும். எங்களுக்குத்தான் விதி. கோத்தமீர் வாங்கிட்டு வா, ஒரு ஜூடி."

வியாழக்கிழமை என்றால் பராமரிப்பு வேலை என்று சொல்லி எங்காவது கரண்டை நிறுத்துவார்கள், இந்த ஊரில் அது பழகிய விஷயம். போனை வைத்துவிட்டு, கொத்தமல்லிக்குக் கோத்தமீர் என்றும் கட்டுக்கு ஜூடி என்றும் இவர்கள் ஏன் பேர் வைத்தார்கள் என்று யோசித்தபடி சுவரைப் பார்த்தேன்.

அந்தக் கட்டம் பச்சையாக இருந்தது. எண், மைனஸ் இருபது. கோடு நேராக இருந்தது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. எவ்வளவு ஒழுங்கான ஃப்ரீசர்! பக்கத்துக் கட்டங்களில் எல்லாம் ரம்பப் பல் ஏறி இறங்க, இது மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, அலுங்காமல், குலுங்காமல். கொஞ்ச நேரம் ரசித்தேன். பிறகு கணிதம் படித்த புத்தி மெல்ல விழித்தது. நிஜத்தில் அளந்த எதுவும் இப்படி நேராக வராது. மோட்டார் ஓடினாலே கோடு ஆட வேண்டும். நாலு பேர் புழங்கும் இடத்தில் காலையிலிருந்து ஒருவர்கூடவா கதவைத் திறக்கவில்லை?

கோட்டைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். காலை வேலை தொடங்குகிற நேரம்வரை பல் இருந்தது. அதற்கப்புறம் நேர்கோடு.

எங்கள் புரோகிராமைத் திறந்து வாசித்தேன். வாசிக்க எனக்கு அனுமதி உண்டு. புது அளவு வந்தால் அதை எல்லையோடு ஒப்பிடு, எல்லை தாண்டியிருந்தால் எச்சரிக்கை அனுப்பு என்று இருந்தது. சரி. புது அளவு வராவிட்டால்? அதற்கும் ஒரு வரி இருந்தது. கடைசியாக வந்த அளவையே காட்டு. அவ்வளவுதான். வராததைப் பற்றி யாருக்கும் சொல் என்று எங்குமே இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன், நான்தான் எதையோ விட்டுவிட்டேன் என்று நம்பி. இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தியே வராமல் போனாலும் எங்கள் சுவர் மைனஸ் இருபது என்று பச்சையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாளைக்கும் சொல்லும். அடுத்த வாரமும் சொல்லும்.

சித்தி வீட்டில் கரண்ட் இல்லை. அங்கே?

இன்டர்நெட் மட்டும் போயிருக்கலாம், ஃப்ரீசர் ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடாமலும் இருக்கலாம் என்று உடனே இன்னொரு குரல். அந்தக் கோட்டைப் பார்த்து இரண்டில் எது என்று சொல்லவே முடியாது. அதுதான் தாங்கமுடியவில்லை. சிவப்பு எரிந்திருந்தால் அலறியிருப்பேன், என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

எங்கள் சின்னக் குழுவின் வாட்ஸப்பில் சீனியருக்கு எழுதினேன், பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷில். பால் வங்கிக் கோடு காலையிலிருந்து நேராகப் போகிறது, அளவு வருவதில்லை என்று தோன்றுகிறது, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா? அனுப்பிய கையோடு அவர் பெயரில் பதில் விழுந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு சொல். யேதோ.

தமிழ்க் கண்ணுக்கு அது முதலில் 'ஏதோ' என்றுதான் பட்டது. ஏதோ என்றால் என்னவோ என்று அலட்சியமாகச் சொல்கிறாரா? பிறகு ஞாபகம் வந்தது. போனில் ஒரு மராட்டிப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன், பஸ்ஸில் போகும்போது. ஆண் சொன்னால் யேதோ, பெண் சொன்னால் யேதே. வருகிறேன்.

வருகிறார்! அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். பிம்ப்ரிக்கும் ஆகுர்டிக்கும் என்ன தூரம், பைக்கில் வந்துவிடுவார். முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஹிந்தியில் வாக்கியம் கட்டிப் பார்த்தேன். கோடு ஆண்பாலா பெண்பாலா என்பதில் மாட்டிக்கொண்டு, அதை விட்டுவிட்டு வேறு வாக்கியம் கட்டினேன்.

கீழே பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினேன். உதிரிபாகக் கடைக்கு வருகிறவர்கள். திரும்பி வந்து சுவரைப் பார்ப்பேன். மைனஸ் இருபது. திரும்ப ஜன்னல். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், எப்படி எடுப்பார்? எடுக்காததே நல்ல சேதி என்று தோன்றியது. இப்போது எழுதும்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சுவரில் எந்த மாயத்தைக் கண்டுபிடித்துப் பயந்தேனோ, அதே மாயத்தை என் போனில் நானே செய்துகொண்டிருந்தேன். பதில் வரவில்லை, ஆகவே எல்லாம் சரி.

நேரம் போகப் போகப் பயம் உருவம் எடுத்தது. ஃப்ரீசரின் ஓரத்தில் பனி கரைந்து ஒரு சொட்டு இறங்குவதுபோல் மனசில் ஓடும். பாட்டிலின் மேல் ஒட்டிய லேபிள் ஈரமாவதுபோல் ஓடும். என் அக்கா குழந்தை பெற்றபோது, பால் கறக்கிற பம்பை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் புட்டியில் கால்வாசி நிரப்ப எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று நான் பார்த்திருக்கிறேன். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். அந்த மாதிரி எத்தனை பேர் உட்கார்ந்து நிரப்பியது அந்தப் பெட்டி? போன் செய்யலாமா? செய்யக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் முன்பு இருந்தவர் மாதிரி நானும் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். அவர்தான் வருகிறேன் என்றாரே. வந்துவிடுவார். வந்துவிடுவார்.

அப்போதுதான் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். அப்பா வயசு இருக்கும், தலையில் வெள்ளைத் தொப்பி. நிறைந்த கேன்களை மூலையில் வைத்துவிட்டு, காலி கேன்கள் இரண்டைக் கையில் கோத்துக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்து, "யேதோ தாயி" என்றார். சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு படியில் தடதடவென்று இறங்கி, பெரியவர்களை இந்த ஊரில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"காக்கா! காக்கா, ஒரு நிமிஷம்! யேதோன்னு சொன்னீங்களே. எங்க வர்றீங்க?"

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "எங்கயும் வரலையே. வேலை முடிஞ்சது, போறேன்."

"போறதுக்கா யேதோ?"

"பின்ன? போறேன்னு வாயால சொல்லலாமா? நல்லதில்லை தாயி." சிரித்தார். "உங்க ஊர்ல சொல்வாங்களா?"

எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் சொன்னால் அடி விழும். நான் சின்னப் பிள்ளையில் ஒருதரம் பையைத் தூக்கிக்கொண்டு "போறேன்" என்று சொன்னதற்கு அம்மா மண்டையில் குட்டி, வாரேன்னு சொல்லுட்டி என்று திரும்ப வீட்டுக்குள் கூப்பிட்டு, தண்ணி குடிக்கவைத்து அனுப்பினாள். அன்று காலையில்கூட சித்தியிடம் "வாரேன் சித்தி" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினேன். தமிழ்ப் பெண்ணைவிட இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யாராவது உண்டா? நான் போய்ப் பாடப்புத்தகத்தில் பொருள் தேடியிருக்கிறேன்.

சீனியர் என் செய்திக்குப் பதில் எழுதவில்லை. அதைப் பார்க்கவே இல்லை. அதே நேரத்தில் குழுவுக்கு, கிளம்புகிறேன் என்று எழுதியிருக்கிறார். அரைநாள் லீவு. மேனேஜரிடம் சொல்லியிருந்தாராம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. காலையிலிருந்து அந்தப் பால் பெட்டியை உலகத்தில் ஒருவரும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை, என்னைத் தவிர.

மாடிக்கு ஓடி ஏறினேன். எச்சரிக்கை யாருக்குப் போகவேண்டும் என்று எங்கள் புரோகிராமின் அமைப்பில் ஒரு நம்பர் இருக்கும். அதைத் திறந்தேன். போனில் நம்பரை அடிக்கும்போது இரண்டுதரம் தப்பாக அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு கோழை எனக்குள்ளே வேண்டிக்கொண்டாள்.

"ஹலோ, போலியே" என்றது ஒரு பெண் குரல், சொல்லுங்கள் என்று ஹிந்தியில்.

கட்டிவைத்திருந்த ஹிந்தி வாக்கியம் எல்லாம் கலைந்துபோய், கோடு நேராக இருக்கிறது என்பது மட்டும்தான் வாயில் வந்தது. "மேடம், மே, ஃப்ரீசர் கம்பெனி ஸே… ஆப்கா ஃப்ரீசர்… லைன் ஸீதா ஹை…"

அந்தக் குரல் இளகியது. "மோளே, தமிழா நீ?"

"ஆமா சிஸ்டர்!" அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"நான் கேரளா. பாலக்காடு. தமிழ் தெரியும். மெல்லச் சொல்லு, எந்தா பிரச்சினை?"

"சிஸ்டர், அங்க கரண்ட் இருக்கா?"

"காலையிலேயே போச்சு. வியாழாழ்ச்சை அல்லே? ஜெனரேட்டர் ஓடுது. லைட், ஃபேன், குழந்தைகளோட வார்மர், எல்லாம் ஓக்கே."

"பால் வெச்சிருக்கிற ஃப்ரீசர்?"

"அதும் ஓடும். பிரச்சினைன்னா உங்க மெசேஜ் வருமல்லோ. வரலையே."

அந்த ஒரு சொல் என்னைக் குத்தியது. வரலையே. எங்களை நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

"சிஸ்டர், மெசேஜ் வராது. வராதுன்னு இப்பதான் எனக்கே தெரிஞ்சது. ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்க. கதவைத் திறக்காதீங்க. மேல நம்பர் எரியுதான்னு மட்டும் பாருங்க."

"ஞான் நோக்கட்டே. லைன்ல இரு."

நடக்கிற சத்தம். எங்கோ ஒரு குழந்தை பூனைக்குட்டி மாதிரி மெலிதாக அழுதது. ஒரு கதவு கிரீச்சிட்டது. பிறகு அவர் குரல் மாறியிருந்தது.

"தெய்வமே. ஒண்ணும் எரியலை. இருட்டா கிடக்கு."

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை, அங்கே யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். ஹிந்தி, மராட்டி, மலையாளம் எல்லாம் கலந்து கேட்டது. துண்டு துண்டாக எனக்குப் புரிந்தது இது. மழையில் சுவர் ஊறிப்போனதால் போன வாரம் ஃப்ரீசரை எதிர்ச் சுவருக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சுவரிலிருக்கும் பிளக்குக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. எங்கள் சென்சார் பெட்டியையும் அதே பிளக்கில்தான் சொருகியிருக்கிறார்கள். ஃப்ரீசர் நின்ற அதே நொடியில், நின்றுவிட்டது என்று சொல்லவேண்டியதும் சேர்ந்தே நின்றுவிட்டது. யாரோ நீளமான எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டுவா என்று ஓடினார்கள். ஸ்டீல் ஸ்டூல் ஒன்று விழுந்தது. பிறகு, போனுக்குள், உர்ர் என்று மோட்டார் கிளம்பும் சத்தம்.

"ஓடுது மோளே. டாக்டரைக் கூப்பிட்டு, திறந்து பார்த்துட்டு சொல்றேன்." போன் வைக்கப்பட்டது.

அடுத்த நொடி சுவரில் அந்தக் கோடு செங்குத்தாக மேலே பாய்ந்தது. மைனஸ் ஐந்து. கட்டம் சிவப்பாகி, காலையிலேயே அடித்திருக்க வேண்டிய மணி இப்போது ஹால் முழுக்க அலறியது. விற்பனைக்காரர்கள் போனோடு எழுந்து ஓடிவந்தார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மைனஸ் ஐந்து என்றால் பால் கல்லாக இருக்குமா, கூழாக இருக்குமா? சென்சார் கதவுப் பக்கமா, உள்ளேயா? எனக்குத் தெரியவில்லை. கணிதத்தில் பட்டம் வாங்கி என்ன புண்ணியம்.

என் போன் அடித்தது. சீனியர். எச்சரிக்கை இப்போது அவருக்கும் போயிருக்கிறது. பின்னணியில் பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது. மாமா பெண் நிச்சயதார்த்தமாம்.

"அண்ணா! பால் வங்கி சிவப்பு! என்ன செய்றே நீ?"

சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டேன் என்பதைக் கடைசியில் சொன்னேன்.

"நீ போன் செஞ்சியா? நீயா?"

"நீங்க வர்றேன்னு எழுதினீங்க. காத்திருந்தேன். வரலை."

"நான் எப்ப எழுதினேன்?"

"யேதோ."

"அடக் கடவுளே" என்றார். சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். "காத்திருந்தியா? எவ்வளவு நேரம்?"

எனக்கு வேலை போய்விடுமா என்று கேட்டேன்.

"வேலை கிடக்கட்டும். முதல்ல பால் என்ன ஆச்சு, அதைச் சொல்லு."

அது எனக்கும் தெரியாது. போனை மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விற்பனைக்காரர்களில் ஒரு அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை, ஆடை படிந்தது. அந்த நேரத்தில் பாலாடையைப் பார்க்கப் பிடிக்காமல் கப்பைத் தள்ளிவைத்தேன்.

நர்ஸ் கூப்பிட்டபோது மத்தியானம் நன்றாகச் சாய்ந்திருந்தது.

"மோளே, கேளு. உள்வரிசை எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. டாக்டர் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தார். அதுக்கு ஒண்ணும் இல்லை. கதவோரம் இருந்தது இளகிப்போச்சு. அதைத் திரும்ப உறைய வெக்க முடியாது. இன்னைக்கே குடுத்துத் தீர்க்கணும். ஃப்ரிட்ஜுக்கு மாத்தியாச்சு. குடிக்க ஆளுங்க இருக்காங்க."

"எல்லாமே தீர்ந்துடுமா சிஸ்டர்?"

"இல்லை. எல்லாம் குட்டி வயிறு அல்லே? ஸ்பூன்ல அளந்துதான் குடுக்கணும். சிலது கொட்டத்தான் வேணும்." பிறகு, "நீ கூப்பிடலைன்னா பெட்டி முழுசும் போயிருக்கும். சாப்பிட்டியா?" என்றார்.

சாப்பிடவில்லை என்று சொன்னேன். எந்த அம்மாவுடைய பாட்டில்களைக் கொட்டப்போகிறார்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். லேபிளில் எண்தான் இருக்கும், பேர் இருக்காது என்று சீனியர் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அளவு வராமல் போனால் கத்துகிற புரோகிராமை நீயே எழுது என்றார். எழுதினேன். நான் எழுதியதில் நிஜமாக ஓடப்போகிற முதல் புரோகிராம் அது. பத்துப் பதினைந்து வரிதான். முடிக்க அரைநாள் ஆனது, அதை ஓடவிட ஒரு வாரம் ஆனது. சோதித்துப் பார்ப்பேன், சரியாக இருக்கும், திரும்ப முதலிலிருந்து சோதிப்பேன். சீனியர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னும் என்ன அண்ணா?"

"இந்தப் புரோகிராமே நின்னுபோச்சுன்னா யாரு சொல்வா?"

"அதைக் கவனிக்க இன்னொண்ணு எழுது."

"அது நின்னா?"

"அதை நீ கவனி. உன்னைக் கவனிக்கத்தான் உன் சித்தி இருக்காளே." சொல்லிவிட்டுப் பொத்தானை அவரே அழுத்தினார். எதுவும் வெடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிளக்குக்கு ஜெனரேட்டர் இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். சென்சார் பெட்டிக்குத் தனி பேட்டரி வைத்தாயிற்று. என் புரோகிராமும் ஓடுகிறது. இருந்தும் வியாழக்கிழமைகளில் வேலைக்கு வந்ததும் முதலில் அந்த நர்ஸுக்குப் போன் செய்கிறேன். புதியவர்கள் போன் செய்யக் கூடாது என்ற விதியை யாரும் எடுத்துவிடவில்லை. என்னிடம் அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

"வந்தாச்சா? நோக்கட்டே" என்பார் நர்ஸ். சுவரில் கோடு பல்லும் பல்லுமாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நான் அதைப் பார்க்க மாட்டேன். போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அவர் செருப்புச் சத்தம் அந்த வராந்தாவில் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நிற்கும். அதற்கும் அவர் வாய் திறப்பதற்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மூச்சு விட எனக்கு இன்னும் பழகவில்லை.

"ஓடுது" என்பார்.